கோடையில் உறங்கும் பூக்கள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் ஐப்பசி மாதத்தில் கைப்பேசித் திரைகளில் ஒரு விளம்பரம் தவறாமல் தலைகாட்டுகிறது. துலிப் கிழங்குகள், ஹயசிந்த், டாஃபோடில் எல்லாம் வீட்டு வாசலுக்கே வந்து சேரும் என்கிறது அது. படத்தில் சிவப்பு, மஞ்சள், ஊதா நிறங்களோடு நல்ல வான்நீல நிறத் துலிப்பும் பூத்துக் குலுங்கும். உண்மையான நீல நிறத் துலிப் உலகில் இன்னும் உருவாக்கப்படவில்லை என்பது வாங்குவோரில் பலருக்குத் தெரியாது. உறைக்குள் இருக்கும் குறிப்பு, அக்டோபரில் நட்டால் வசந்தத்தில் பூக்கும் என்று சொல்கிறது. மதுரையிலோ விழுப்புரத்திலோ அதை நம்பி நட்டவர்களுக்கு இரண்டில் ஒன்று நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிழங்கு அழுகிவிடும். தப்பிப் பிழைத்தால் இரண்டு மூன்று இலைகள் வரும். பூ மட்டும் அந்த இலைகளுக்கு நடுவிலேயே குறுகிக் கருகிப்போகும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றோ, தமக்குக் கைராசி இல்லை என்றோ வாங்கியவர் முடிவுகட்டுகிறார்.

பெரும்பாலும் இரண்டுமே காரணமாக இருப்பதில்லை. கிழங்கு நல்ல கிழங்காகவே இருந்திருக்கலாம். நட்டவரும் குறிப்பில் கண்டபடியே செய்திருக்கலாம். கிழங்கிலிருந்து முளைத்துப் பூக்கும் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டில் சில மாதங்கள் உறக்கம் வேண்டும். எந்தப் பருவத்தில் உறங்குவது, எது வந்தால் விழிப்பது என்பதை ஒவ்வொன்றும் தன் தாயகத்தில் பன்னெடுங்காலமாகப் பழகி வைத்திருக்கிறது. குளிர்நாட்டுக் கிழங்குக்கு விழிப்பதற்கு முன் கடுங்குளிர் வேண்டும். நம் மண்ணுக்கு ஏற்ற கிழங்கு வெயிலில், வறண்ட மண்ணில் உறங்கி, மழை கண்டு விழிக்கும். இந்த வேறுபாட்டை நம் தோட்டங்களும் பூங்காக்களும் கணக்கில் கொள்வதே இல்லை. அதனால் கிழங்கு வாங்கிய பணம் வீணாவது ஒருபுறம். கோடையில் ஊருக்கே தண்ணீர் இல்லாதபோது தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பது மறுபுறம்.

கிழங்கு என்று பொதுவாகச் சொன்னாலும் தாவரவியலில் இவை பல வகை. வெங்காயத்தைப் போலச் சதைப்பற்றுள்ள இலையடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொதிந்திருப்பது குமிழம். துலிப், மழை லில்லி, விஷமூங்கில் ஆகியவை இவ்வகையின. சேப்பங்கிழங்கைப் போலத் தண்டே பருத்துத் திரண்டிருந்தால் அது கந்தம். கிளாடியோலஸும் காஷ்மீரத்துக் குங்குமப்பூவும் இதில் அடங்கும். இஞ்சியையும் மஞ்சளையும் போல மண்ணுக்குள் கிடையாக ஓடுவது மட்டநிலத்தண்டு, கல்வாழை அப்படிப்பட்டது. தோட்டம் போடுபவருக்கு இந்தப் பாகுபாடு அவ்வளவு முக்கியமன்று. எல்லாமே களஞ்சியங்கள். நல்ல பருவத்தில் இலைகள் சமைத்ததை மண்ணுக்குள் சேமித்து வைத்து, கெட்ட பருவத்தில் மேலே உள்ள அனைத்தையும் உதிர்த்துவிட்டுக் கிடப்பதற்கான ஏற்பாடு. ஐப்பசி ஈரக்காற்றில் சமையலறைக் கூடையில் கிடக்கும் வெங்காயம் யாரும் நடாமலேயே முளைவிடுவதைப் பார்த்திருப்போம். அதற்கு மண்கூட வேண்டியதில்லை. உறக்கம் கலைந்துவிட்டது, அவ்வளவுதான்.

துலிப்பின் தாயகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள். அங்கே கோடையும் வறட்சிதான். ஆனால் அதன் பின்னே நீண்ட பனிக்காலம் வருகிறது. கோடையில் இலை காய்ந்த பிறகு, மண்ணுக்குள் கிடக்கும் குமிழத்தின் நடுவில் அடுத்த ஆண்டுக்குரிய பூ மிகச் சிறிய வடிவில் உருவாகிவிடுகிறது. வெப்பத்தை அது வெறுப்பதில்லை. பூ உருவாவதற்கு மிதமான வெப்பம் தேவைகூட. உருவான பூவைத் தாங்கும் தண்டு நீள்வதற்குத்தான் குளிர் வேண்டும். ஏறத்தாழ 5 முதல் 9 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் 12 முதல் 16 வாரங்கள் கழிந்தால்தான் குளிர்காலம் முடிந்துவிட்டது என்று குமிழம் முடிவுக்கு வரும். இடையில் ஓரிரு நாள் வெயிலடித்தால் ஏமாந்து முளைத்துப் பனியில் சாகாமலிருக்க அது கற்றுக்கொண்ட எச்சரிக்கை இது. சென்னையில் ஜனவரி மாத இரவுகளில்கூட வெப்பம் பொதுவாக 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். துலிப்பைப் பொறுத்தவரை இங்கே குளிர்காலம் என்ற ஒன்று வரவே இல்லை. தண்டு நீளாமல் இலைகளுக்குள்ளேயே பூ கருகுவதன் காரணம் இதுதான்.

ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில், தால் ஏரியை நோக்கி, 2007-இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி நினைவுத் துலிப் தோட்டத்தில் பல லட்சம் குமிழங்கள் பூக்கின்றன என்றால், அங்கே இயற்கையே அந்தக் குளிரைத் தருகிறது. 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்தத் தோட்டமும் மார்ச் இறுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதமே பூத்து நிற்கும். டெல்லியின் கதை வேறு. சாந்தி பாத் சாலையோரங்களில் சில ஆண்டுகளாகக் குளிர்காலத்தின் கடைசியில் பூக்கும் துலிப்கள், நெதர்லாந்தில் குளிரூட்டிப் பக்குவப்படுத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்படும் குமிழங்களிலிருந்து வருபவை. பூத்து முடிந்ததும் டெல்லியின் வெயில் வந்துவிடுகிறது. தீர்ந்துபோன களஞ்சியத்தை மறுபடி நிரப்ப இலைகளுக்கு அவகாசம் கிடைப்பதில்லை. அடுத்த ஆண்டுக்கு மீண்டும் புதிய குமிழங்களை வரவழைக்க வேண்டும்.

சமவெளியிலும் துலிப்பைப் பூக்கவைத்தவர்கள் உண்டு. குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் மூன்று மாதம் வைத்திருந்து, மார்கழியில் எடுத்து நடுகிறார்கள். அதே தட்டில் பழுத்த வாழைப்பழமோ ஆப்பிளோ இருந்தால் அவற்றிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் பூவைக் கொன்றுவிடும். எல்லாம் சரியாக நடந்தால் ஒரே ஒரு முறை, ஒரு வாரம்போல, பூவைக் காணலாம். பிறகு குமிழத்தைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பூங்கொத்து ஒன்றை விலைகொடுத்து வாங்கி மேசையில் வைப்பதற்கு நிகரான செயல் இது. அப்படி எண்ணிச் செய்பவரிடம் குறை காண ஒன்றுமில்லை. ஆண்டுதோறும் தானே பூக்கும் என்று எண்ணி வாங்குபவரிடம் அதை விற்பதுதான் முறையற்றது. குளிரூட்டப்பட்டதா இல்லையா, எந்தத் தட்பவெப்பத்துக்கு உரியது என்ற இரண்டு வரிகளை உறையில் அச்சிடுவது பெரிய செலவன்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒரு செடிக்குக் கெட்ட பருவம் எது? பனிக்கு இங்கே வேலையில்லை. தை முதல் வைகாசி வரை நீளும் வறட்சிதான் இங்கே உயிர் குடிக்கும் பருவம். இங்கே வாழப் பழகிய கிழங்குச் செடிகள் அந்த மாதங்களையே உறங்கத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. அவற்றை எழுப்புவது மழை. பொட்டல் காடுகளிலும் கடற்கரை மணலிலும் காணப்படும் நரிவெங்காயத்தைப் பாருங்கள். கோடையில் சுற்றிலும் புல் பூண்டு எதுவும் இல்லாத வெற்று மண்ணிலிருந்து, ஓர் இலைகூட இல்லாமல், நெடிய பூத்தண்டை மட்டும் நீட்டும். இலைகள் பிறகு மழைக்காலத்தில்தான் வரும். பூப்பதற்கான செலவு முழுவதும் சென்ற மழைக்காலத்துச் சேமிப்பிலிருந்து.

வெளியூரிலிருந்து வந்து ஊறிப்போன மழை லில்லியும் அப்படித்தான். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இந்தச் சின்னப் பூ, நம் வீட்டு வாசல்களில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் மஞ்சளாகவும் பூக்கிறது. நாள்தோறும் குழாய்த் தண்ணீர் ஊற்றும் வீட்டில் அது இலையாகவே நிற்கும். ஊற்ற மறந்த வீட்டில், முதல் பெருமழை பெய்த மூன்று நான்கு நாட்களில் வரிசையாகத் தலைதூக்கும். மழைநீரில் ஏதோ சத்து இருக்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. நன்றாகக் காய்ந்த மண் ஆழம்வரை ஒரேயடியாக நனைவதைத்தான் செடி அடையாளமாகக் கொள்கிறது. காய விடாத மண்ணில் அந்த அடையாளத்துக்கு இடமே இல்லை.

இங்கே இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய நாட்காட்டியை விட்டுவிட்டு இந்தியத் தோட்ட நூல்களைப் பின்பற்றினால் போதும் என்று தோன்றலாம். அவற்றில் பல, வட இந்தியாவை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அங்கே மழை செப்டம்பரோடு முடிகிறது. அக்டோபர் வறண்ட, இதமான மாதம். கிழங்கு நட அதைவிடச் சிறந்த காலம் இல்லை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையிலோ ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். டெல்லியில் கிழங்கு நடும் வாரத்தில் கடலூரில் தெருவில் தண்ணீர் நிற்கும். உறங்கிக்கொண்டிருக்கும், இன்னும் வேர் விடாத கிழங்கை நனைந்த களிமண்ணில் புதைத்தால் அழுகாமல் என்ன செய்யும்? மேற்கு மாவட்டங்களில் தென்மேற்குப் பருவமழையின் பங்கும் சேர்வதால் கணக்கு மறுபடி மாறும். நடவுக்கான மாதத்தைப் புத்தகத்தில் தேடுவதைவிடத் தம் ஊர் மழையைப் பார்த்து முடிவு செய்வதே சரி. சின்ன வெங்காயம் பயிரிடும் பெரம்பலூர், பல்லடம் பக்கத்து உழவர்களுக்கு இது புதிதன்று. அறுத்த வெங்காயத்தைக் காற்றோட்டமாகப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் காத்து, பட்டம் பார்த்து நடுகிறார்கள். பூங்கிழங்குக்கு வேண்டிய அறிவும் அதுவேதான்.

நம் பூங்கிழங்குகளில் முதலிடம் செங்காந்தளுக்கு. தமிழ்நாட்டின் மாநில மலர் என்று பள்ளிக் குழந்தைகளுக்குத் தெரியும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்வரிசை காந்தளில்தான் தொடங்குகிறது என்று தமிழாசிரியர்களுக்குத் தெரியும். அதை நேரில் கண்டவர்கள், அதிலும் நகரங்களில், மிகச் சிலரே. முன்பு கிராமத்து உயிர்வேலிகளில் தானாகப் படர்ந்து கிடந்த கொடி இது. வேலிகள் போய்ச் சுவர்களும் கம்பிகளும் வந்தபின் அதற்கு இடமில்லாமல் போயிற்று. மருந்துக்காகக் காடுகளிலிருந்து தோண்டி எடுத்ததும் சேர்ந்துகொண்டது. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி, அருகிலுள்ளதைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூவின் இதழ்கள் பச்சையாகத் தொடங்கி, மஞ்சளாகி, நெருப்புச் சிவப்பாக முடியும். அலையலையான அந்த இதழ்கள் மேல்நோக்கி வளைந்து நிற்பது விளக்குச் சுடரைப் போலிருக்கும். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு. மண்ணுக்குள் இரு கைகள் விரிந்தாற்போலக் கலப்பை வடிவில் கிடப்பதால் கலப்பைக்கிழங்கு.

அந்த இரு கைகளின் நுனியில்தான் முளைக்கும் கண் இருக்கிறது. உருளைக்கிழங்கைப் போல உடலெங்கும் கண்கள் கிடையாது. தோண்டும்போதோ, உறையில் திணித்து அனுப்பும்போதோ நுனி முறிந்துவிட்டால் அந்தக் கை என்றைக்கும் முளைக்காது. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனி, ஆடியில், மண்ணில் ஓரளவு ஈரம் சேர்ந்தபின், நான்கைந்து விரற்கடை ஆழத்தில் கிழங்கைப் படுக்கை வாட்டில் வைத்து மூட வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் முளை தெரியும். ஏறுவதற்குக் கம்பி வலையோ, மெல்லிய கிளைகளுள்ள புதரோ போதும். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். தை மாதத்தில் இலை மஞ்சளாகிக் கொடி காயத் தொடங்கும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்களும், பிழைக்கவைக்க வேண்டும் என்று தண்ணீரை இரட்டிப்பாக்குபவர்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். பழைய கிழங்கு கரைந்து, அதன் இடத்தில் புதிய கிழங்குகள் உருவாகி, உறங்கப் போகும் நேரம் அது. அடுத்த ஐந்து மாதத்துக்கு அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை.

இது வெறும் அழகுக்கொடியும் அன்று. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களின் வறண்ட நிலங்களில் இதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதையில் உள்ள கோல்ச்சிசின் என்னும் பொருள், கீல்வாத நோய்களில் ஒன்றான கௌட்டுக்கு மருந்து. இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே வளைந்து மகரந்தப்பைகளுக்கு எட்டாமல் பக்கவாட்டில் நீண்டு நிற்பதால், தானாகக் காய் பிடிப்பது குறைவு. எனவே காலை வேளையில் வரிசை வரிசையாகச் சென்று ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். அவ்வளவு உழைப்புக்குப் பின் விதையின் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது அந்தப் பகுதி உழவர்களின் தீராத குறை.

மருந்தாகும் அதே கோல்ச்சிசின்தான் கொடிய நஞ்சும். காந்தளின் எல்லாப் பகுதியும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். சர்க்கரைவள்ளி என்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டு இறந்தவர்கள் உண்டு. உண்ட உடனே எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, பிறகு உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். எளிதில் கிடைக்கும் மாற்றுமருந்தும் இல்லை. இதற்காகக் காந்தளைத் தோட்டத்திலிருந்து விலக்க வேண்டும் என்பதில்லை. அரளி இல்லாத தெரு தமிழ்நாட்டில் உண்டா? சிறு குழந்தைகளும் ஆடு மாடும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தோண்டி எடுத்த கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கையுறையோடு கையாள்வது நல்லது. இந்த எச்சரிக்கை, காந்தள் அளவுக்குக் கொடியவை அல்லவாயினும், விஷமூங்கில், மழை லில்லி, டாஃபோடில் வகைகளுக்கும் பொருந்தும். அவற்றின் குமிழங்கள் பார்வைக்கு வெங்காயத்தைப் போலவே இருக்கும். தின்றால் கடும் வாந்தி வரும்.

சம்பங்கியை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டில் பூங்கிழங்கைப் பற்றிப் பேச முடியாது. சத்தியமங்கலத்திலும் நிலக்கோட்டையிலும் ஏக்கர் ஏக்கராகப் பயிராகி மாலையாகும் இந்தப் பூ, பிறப்பால் மெக்சிகோவைச் சேர்ந்தது. நம் கோயில்களும் திருமணங்களும் அதை முழுமையாகத் தத்தெடுத்துக்கொண்டன. பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல், சிருங்கார் ஆகிய இரகங்கள் இன்று பரவலாக உள்ளன. வீட்டில் வளர்ப்போர் பலரின் முறையீடு, முதல் ஆண்டு பூத்தது, பிறகு பூக்கவில்லை என்பது. ஒருமுறை பூத்த சம்பங்கிக் கிழங்கு மறுமுறை பூக்காது. பக்கத்தில் தோன்றும் குட்டிக் கிழங்குகளே பின்னர் பூக்கும். நெருக்கம் மிகுந்து அவை பருக்காமல் போகும்போது பூவும் நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தோண்டி, பெரியவற்றைப் பொறுக்கி, நிழலில் ஒரு மாதம் உலரவைத்து நட்டால் மூன்று மாதங்களில் மீண்டும் பூக்கும். ஆனால் சம்பங்கி முழு உறக்கம் கொள்ளும் செடியன்று. வெயிலைத் தாங்கும், ஆனால் தண்ணீர் கேட்கும். கோடையில் நீர் மிச்சப்படுத்த நினைப்பவர் இதை அளவாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுக் கிழங்குகள் எல்லாமே ஆகாதவை என்று நான் சொல்லவில்லை. தாயகத்தில் வறட்சியில் உறங்கி மழையில் எழுபவை இங்கே சொந்த வீடுபோல வாழ்கின்றன. நாற்றுப்பண்ணைகளில் அமரில்லிஸ் என்று விற்கப்படுவது உண்மையில் தென் அமெரிக்காவின் ஹிப்பியாஸ்ட்ரம். பங்குனி, சித்திரை வெயிலில் கையகலப் பூக்களை விரிக்கும். அதற்குமுன் ஆறு முதல் எட்டு வாரம் நீரை நிறுத்திவிட்டால் இன்னும் சீராகப் பூக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஃபுட்பால் லில்லி கோடைமழையின் முதல் தூறலுக்கு, செம்பந்து ஒன்றை மண்ணிலிருந்து உருட்டிவிட்டதுபோல எழும். துலிப்பின் வடிவத்தில்தான் மனம் செல்கிறது என்பவர்களுக்குத் தாய்லாந்தின் சயாம் துலிப் இருக்கிறது. பெயரில் மட்டுமே அது துலிப். உறவில் மஞ்சளின் தங்கை. மஞ்சளைப் போலவே வைகாசி, ஆனியில் நட்டு, மழைக்காலம் முழுதும் பூப்பதைப் பார்த்துவிட்டு, இலை காய்ந்ததும் மறந்துவிடலாம். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக் கிழங்குகள் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். அங்கும் நம் கடலோரம் போலக் குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்பதால் பொருந்தும் என்று தோன்றும். அவற்றில் பலவும் எதிர்பார்க்கும் குளிர்ந்த இரவுகள் இங்கே இல்லை. ஃப்ரீசியா போன்றவற்றை உதகைக்கும் கொடைக்கானலுக்கும் விட்டுவிடுவது நல்லது.

செய்முறை என்று பெரிதாக எதுவும் இல்லை. செம்மண், மணல், மக்கிய இலையுரம் மூன்றும் சம அளவில் கலந்தால் பெரும்பாலான கிழங்குகளுக்கு ஒத்துப்போகும். கரிசலாகவோ களிமண்ணாகவோ இருந்தால் ஓரடி உயரத்துக்குப் பாத்தியை மேடாக்காமல் நடவே கூடாது. ஹிப்பியாஸ்ட்ரத்தின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்; மழை லில்லி தன் உயரத்தைப்போல இருமடங்கு ஆழத்தில் இருக்கலாம். பூ முடிந்தபின் பச்சை இலையைக் கத்தரிக்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. தோட்டம் ‘சுத்தமாக’ இருக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் அந்த இலைகளை வெட்டிவிடுவது நம்மிடையே பரவலான வழக்கம். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவு அந்த இலைகளில்தான் தயாராகிறது. தானாக மஞ்சளாகும்வரை காத்திருக்க வேண்டும். உறக்கக் காலத்தில் மண்ணின்மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பினால் போதும். சித்திரை வெயிலில் வெற்று மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிச் சுடும்; மூடாக்கு அதைத் தணிக்கும். தொட்டியில் இருப்பவற்றை நிழலில் ஒருபக்கமாகச் சாய்த்து வைத்துவிடலாம். கோடை இடிமழையில் தண்ணீர் தேங்காது.

இத்தனைக்கும் தடையாக இருப்பது சொட்டுநீர்க் குழாயும், ஆண்டு முழுதும் பச்சையாகத் தெரிய வேண்டும் என்ற நம் பிடிவாதமும். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் நகராட்சிப் பூங்காக்களிலும் இன்று தோட்டம் என்றால் புல்தரையும் அதைச் சுற்றிய குறுஞ்செடி வரிசையும்தான். அவற்றுக்குக் காலையும் மாலையும் தானியங்கிக் குழாய் நீர் பாய்ச்சும். அந்தப் பாத்தியில் கிழங்கை நட்டால், உறங்க வேண்டிய மாதங்களில் ஈரத்தில் ஊறி அழுகும். பூக்காத கிழங்கைத் தோட்டக்காரர் தோண்டி எறிவார். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் புல் பதிக்கப்படும். 2019 ஜூன் மாதத்தில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. அந்த நாட்களில் நகரத்தின் புல்தரைகள் மடிந்தன. மண்ணுக்கடியில் கிடந்த விஷமூங்கிலும் மழை லில்லியும் மடியவில்லை.

கோடையில் பாத்தி வெறுமையாகக் கிடப்பது கண்ணுக்கு உறுத்தும் என்பது நியாயமான மறுப்பே. எல்லாப் பாத்தியையும் அப்படி விட வேண்டியதில்லை. ஒரு பூங்காவின் நான்கில் ஒரு பகுதியைக் குழாயிணைப்பிலிருந்து பிரித்து, அதில் உறங்கும் கிழங்குகளை வைத்துப் பார்க்கலாம். இடையிடையே ஹிப்பியாஸ்ட்ரமும் ஃபுட்பால் லில்லியும் இருந்தால் கடும் கோடையிலும் பூ இருக்கும். தோட்டக்கலைத் துறையின் அரசுப் பண்ணைகள் மல்லிகை, ரோஜா நாற்றுகளை விற்பதைப் போலவே, காட்டிலிருந்து தோண்டாமல் வயலில் பெருக்கிய காந்தள் கிழங்குகளை, நஞ்சு என்ற எச்சரிக்கைச் சீட்டோடு, சித்திரை, வைகாசியில் விற்கலாம். விதை விலையை மட்டுமே நம்பியிருக்கும் மூலனூர் உழவருக்கு அது இன்னொரு வருவாயாகவும் அமையும். மாநில மலர் என்று அரசாணையில் இருப்பது அரசுப் பூங்காவிலும் இருக்க வேண்டாமா?

வீட்டில் தொடங்க நினைப்பவர்கள் ஐப்பசி விளம்பரத்துக்குக் காத்திராமல் வைகாசிக்குள் கிழங்கு தேடுவது நல்லது. உறங்கும் கிழங்குதான் பயணத்தைத் தாங்கும். முளைத்தபின் இடம் மாற்றினால் வாடும். நட்ட இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி, செடியின் பெயரையும் அது மறுபடி முளைக்க வேண்டிய மாதத்தையும் எழுதி வைக்க வேண்டும். தை மாதத்தில் வற்றிப்போன இடத்தை வைகாசியில் மண்வெட்டியோடு கொத்த வருபவரின் கண்ணில் முதலில் படுவது அந்தக் குச்சியாக இருக்கட்டும்.